2 அங்குல லிஃப்ட், 33 அங்குல டயர்: தார் ரோட்டில் பக்கி (பிக்கப் வண்டி) எப்படி ஓடும்?

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வாசகர், 3 பிப்ரவரி 2024

அண்ணா, 2018 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் வாங்கியிருக்கிறேன். 2 அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர் போடலாம் என்று ஆசை. கடைக்காரர் "ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது" என்கிறார். நீங்கள் செய்திருக்கிறீர்களாமே. தெரியுமா, தெரியாதா?

3 பிப்ரவரி 2024, இரவு

தெரியும் தம்பி. கடையை விட்டு வெளியே வந்து முதல் வளைவிலேயே தெரியும்.

என் வண்டி 2017 ஹைலக்ஸ் 2.8 ஜிடி-6, ஃபோர் பை ஃபோர், ஆறு கியர் மேனுவல். 130 கிலோவாட், 420 நியூட்டன் மீட்டர். போன நவம்பரில் முன்னால் 50 மி.மீ. கூடுதல் உயரம் தரும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டேன். பின்னால் அதற்கு ஏற்ற லீஃப் ஸ்பிரிங். டயர் 265/65 ஆர் 17 இருந்த இடத்தில் 285/70 ஆர் 17. ரிம் கம்பெனி ரிம்தான், 7.5 அங்குல அகலம்.

ஏன் போட்டேன் என்றால், நான் சோலார், இன்வெர்ட்டர், போர்வெல் பம்ப் வேலை செய்கிறவன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வீடு, வேலை பாதி அண்டர்பெர்க், புல்வர் பக்கத்துப் பண்ணைகளில். மழைக்குப் பிறகு அந்த மண் பாதைகளில் நடுமேடு உயர்ந்து நின்று வண்டியின் வயிற்றில் தட்டும். இரண்டு முறை பின் டிஃப் (பின்னச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் கியர்ப் பெட்டி) மேட்டில் உட்கார்ந்து டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

கெட்டது எது நல்லது எது என்று ஒரே நாளில் எழுதிவிட முடியாது. ஓட்ட ஓட்ட எழுதுகிறேன்.

4 பிப்ரவரி 2024

முதலில் கணக்கு. இது தெரியாமல் மீதியைப் பேசிப் பயனில்லை.

265/65 ஆர் 17 டயரின் குறுக்களவு 776 மி.மீ. 285/70 ஆர் 17-க்கு 831 மி.மீ.; இதைத்தான் 33 அங்குலம் என்கிறார்கள். விகிதம் 1.07. அதாவது டயர் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிட 7 சதவீதம் அதிக தூரம் போகும். அச்சு உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதி, 27 மி.மீ.

லிஃப்ட் கிட் பற்றிப் பலர் தவறாக நினைக்கும் இடம் இதுதான். பக்கியின் பின்னச்சு ஒரே கட்டை. டிஃப் அதன் நடுவில் தொங்குகிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே போவது பாடியும் சேஸிஸும்தான். டிஃப் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. நான் மாட்டிக்கொண்டது டிஃப் இடித்ததால். ஆக எனக்குப் பலன் தந்தது அந்த 27 மி.மீ. மட்டும்தான். 50 மி.மீ. லிஃப்ட் பெரும்பாலும் அந்த டயர் மட்கார்டில் உரசாமல் இருப்பதற்காக. இதை நவம்பரிலேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

11 பிப்ரவரி 2024

டீசல். முன்பு கலப்பு ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர். பில் எல்லாம் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். டயர் மாற்றிய பிறகு எட்டு முறை டாங்க் நிரப்பியதன் சராசரி 11.3. இருபது சதவீதம் கூடுதல்.

எடையும் பார்த்தேன். பழைய டயர் ரிம்மோடு 29 கிலோ, புதியது அதே ரிம்மோடு 37 கிலோ. சக்கரத்துக்கு 8 கிலோ. அந்த எடை சுற்றுகிற எடை, அதுவும் விளிம்பில் இருக்கிற எடை. ஒவ்வொரு ரோபோட்டிலும் நின்று கிளம்பும்போது எஞ்சின் அதையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோட் என்று பெயர்.)

12 பிப்ரவரி 2024

மதுரையிலிருந்து ஒருவர் "பக்கி என்பது எங்கள் ஊரில் திட்டுகிற வார்த்தை, நீங்கள் ஆசையாக வளர்க்கிறீர்களே" என்று கேட்டிருந்தார். நன்றாகச் சிரித்தோம். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'பாக்' என்றால் தொட்டி, பெட்டி. அதன் செல்லப்பெயர் பக்கி. தென்னாப்பிரிக்காவில் பிக்கப் என்று சொன்னால் யாருக்கும் நாக்கு ஒட்டாது. ஹைலக்ஸ் எங்களுக்கு ஊர் வண்டி. டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில்தான் செய்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலைக்குள்ளும் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. இந்தத் தெருவிலேயே அங்கே வேலை செய்கிற மூன்று வீடுகள் இருக்கின்றன.

25 பிப்ரவரி 2024

ஸ்டியரிங். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மூன்று மாதம் இதோடு போராடினேன்.

கிட் போட்ட மறுநாள் என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனேன். 110-இல் வண்டி நேராக நிற்க மறுத்தது. இடது பக்கம் கொஞ்சம் போகும், திருத்தினால் வலது பக்கம் போகும். லாரி ஒன்று கடந்தால் காற்று தள்ளும். வளைந்து முடித்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வர வேண்டுமே, அது வரவில்லை. கையால் கொண்டுவர வேண்டியிருந்தது. கடையில் கேட்டால் "பெரிய டயர் அப்படித்தான், பழகிவிடும்" என்றார்கள்.

பழகிக்கொள்ள வேண்டியதே இல்லை. அது காஸ்டர் குறைந்ததன் விளைவு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டாலும் நேராக ஓட உதவுகிறது; காரில் அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். ஹைலக்ஸின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கை உயர்த்தும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல்கையும் கீழ்கையும் கீழ்நோக்கிச் சாய்கின்றன, அப்போது காஸ்டர் குறைகிறது. என் அலைன்மென்ட் தாளில் லிஃப்டுக்கு முன் 2.9 டிகிரி, பிறகு 1.6. கடைக்காரர் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார். டோ சரியாக இருந்தால் டயர் சீராகத் தேயும், அவ்வளவுதான். வண்டி நேராக ஓடுவதற்கு அது போதாது.

வேறொரு அலைன்மென்ட் கடைக்குப் போனேன். கீழ்கையில் அலைன்மென்ட் திருத்துவதற்கான கேம் போல்ட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்தும் 2.1-க்கு மேல் வரவில்லை. கடைசியில் மேல்கை இரண்டையும் மாற்றினேன். பால் ஜாயின்ட் பின்பக்கமாகத் தள்ளி வைத்த, உயர்த்திய வண்டிக்கென்றே செய்த கை. இப்போது 3.4. பெரிய டயருக்குக் கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் அதிகமே வேண்டும் என்று அந்த மெக்கானிக் மாமா சொன்னார், சொன்னது சரி. என்3-இல் இப்போது ஒரு கையால் பிடித்தாலும் நேராகப் போகிறது.

தம்பி, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது: "வேலை முடிந்ததும் காஸ்டர் எவ்வளவு இருக்கும், தாளில் அச்சடித்துத் தருவீர்களா?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், மறக்கக்கூடாதது. அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சாருக்கு மறுபடி பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும்போதே திரும்புவதாக நினைத்துச் சறுக்கல் தடுப்பு தவறான நேரத்தில் பிரேக் பிடிக்கும்.

3 மார்ச் 2024

பிப்ரவரி 11 குறிப்பில் டீசல் கணக்கு தவறு. திருத்துகிறேன்.

டயர் பெரிதானதும் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். நேற்று ஹோவிக் தாண்டி என்3 ஓரக் கிலோமீட்டர் பலகைகளை வைத்து 20 கிலோமீட்டர் அளந்தேன். ஓடோமீட்டரில் 18.7. கணக்குப் போட்ட 7 சதவீதம் அச்சாக வந்தது. ஆக 11.3 என்பதை 1.07-ஆல் வகுக்க வேண்டும்: 10.6 லிட்டர். கூடுதல் 12 அல்லது 13 சதவீதம், இருபது இல்லை. இரண்டு வாசகர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள், நன்றி.

இணையத்தில் "33 போட்டேன், மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகுத்தலைச் செய்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு: சர்வீஸ் 10,000-இல் செய்தால் உண்மையில் 10,700 ஓடியிருக்கும். நான் ஆயிலை 9,300-இல் மாற்றுகிறேன்.

ஸ்பீடோமீட்டர் தனிக்கதை. அதே 7 சதவீதத்தை வைத்து, 100 காட்டும்போது 107-இல் போகிறோம் என்று பயந்துகொண்டிருந்தேன். ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் 102. காரணம், கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டவே கூடாது என்று விதி இருப்பதால் அப்படி வைக்கிறார்கள். பழைய டயரில் 100 காட்டினால் உண்மை 95. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டு, இன்னும் 2 தாண்டியிருக்கிறது. 120 எல்லையில் முள்ளை 115-இல் வைக்கிறேன்.

10 மார்ச் 2024

ஆறாவது கியர் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், செத்துப்போனது மாதிரி இருக்கும். டயர் பெரிதானதும் எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டுவிடுகின்றன. சக்கரம் ரோட்டைத் தள்ளும் விசை ஆறரை சதவீதம் குறைகிறது. சமதளத்தில் தெரியாது. மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டன் நோக்கி டவுன் ஹில் என்ற மலையேற்றத்தில் ஏறும்போது, 400 கிலோ பாட்டரி பின்னால் இருந்தால், முன்பு ஐந்தாவதில் ஏறியது இப்போது நான்காவது கேட்கிறது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் கொஞ்சம் அதிகம் வழுக்கவிட வேண்டியிருக்கிறது. டிஃப் கியரை மாற்றிச் சரிசெய்யலாம்: விகிதம் 3.9 என்றால் 4.17-க்குப் போக வேண்டும். ஃபோர் பை ஃபோரில் முன் டிஃப், பின் டிஃப் இரண்டும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும், செலவும் இரட்டை. 7 சதவீதத்துக்காக அதைச் செய்ய மாட்டேன். 35 அங்குலம் போடுகிறவர்கள் யோசிக்கலாம்.

30 மார்ச் 2024

நேற்று பெரிய வெள்ளி. இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு எல்லோரும் போனோம். ஆயாவுக்கு 86 வயது. போன வருஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினாள். நேற்று ஏற முடியவில்லை. பாடி 77 மி.மீ. உயர்ந்திருக்கிறது, 50-உம் 27-உம். என் மகன் குனிந்து தொடையைப் படியாகக் கொடுத்தான், ஆயா "என்னடா, தேருக்கா ஏத்துற?" என்று கேட்டாள். கார் பார்க்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மனசு கஷ்டமாக இருந்தது.

ஓட்டும் குணத்தைப் பற்றிக் கேட்டால் ஏறுவதைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். ஆயாவை உட்காரவைத்து ஓட்டியபோதுதான் பின் ஸ்பிரிங் எவ்வளவு முரடு என்று புரிந்தது. நான் வாங்கியது எப்போதும் 300 கிலோ ஏற்றியிருக்கும் வண்டிக்கான லீஃப். வேலை நாளில் சரியாக இருக்கிறது. காலி வண்டியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. ஆயா வழி முழுக்க மேல் கைப்பிடியை விடவில்லை. லீஃப் வாங்கும்போது "எவ்வளவு உயரம்" என்று மட்டும் கேட்டேன். "எவ்வளவு எடைக்கு" என்பதை விட்டுவிட்டேன்.

14 ஏப்ரல் 2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பிரேக். ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் சின்ன விமானம் இறங்குவதற்காகப் போட்ட தார் ஓடுபாதையில் சோதனை செய்ய விட்டார். பழைய டயர் நான்கையும் ரிம்மோடு வைத்திருந்த ஒரு நண்பரிடமிருந்து வாங்கிப்போய் அங்கேயே மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஜிபிஎஸ்-இல் 80-இலிருந்து நிற்கும் வரை, உலர்ந்த தார், காலி வண்டி, முழு மிதி. பழைய டயர் சராசரி 31 மீட்டர். புதியது 35 மீட்டர். நான்கு மீட்டர் என்பது ஒரு பசுமாட்டின் நீளத்தைவிட அதிகம். ஆர்617 ரோட்டில் மாலை நேரம் ஓட்டியவர்களுக்கு மாடு எங்கிருந்து வரும் என்று தெரியும்.

காரணம், டயர் பெரிதானதும் பிரேக் காலிப்பரின் பிடி நீளமான நெம்புகோலை எதிர்த்து வேலை செய்ய வேண்டும்.

21 ஏப்ரல் 2024

மேலே சொன்ன காரணம் சரியில்லை. ஒரு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு டயரிலும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்தது, மிதி காலில் துடித்தது. அப்படியென்றால் இரண்டு முறையும் பிரேக்குக்குச் சக்கரத்தைப் பூட்டும் அளவு பலம் இருந்தது. பிரேக் போதவில்லை என்றால் ஏபிஎஸ் வந்திருக்காது. ஆக அந்த 4 மீட்டர் டயரின் உயரத்தால் வந்தது இல்லை, பிடிப்பால் வந்தது. புது டயர் கரடுமுரடான ஆல்-டெரெய்ன், பாளம் பாளமான ட்ரெட், கடினமான ரப்பர். மிருதுவான சாலை டயர் 33 அங்குலத்தில் கிடைத்திருந்தால் வித்தியாசம் குறைந்திருக்கும்.

உயரத்தால் வருவது வேறு: அதே நிறுத்தலுக்கு மிதியை 7 சதவீதம் அதிகமாக அழுத்த வேண்டும். கால் இரண்டு நாளில் பழகிவிடும். இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் ஏறக்குறைய அதே அளவு குறையும், அதனால் பிரேக்கை அதிகம் நம்புவோம், சூடு ஏறும். டவுன் ஹில் இறங்கும்போது ஒரு கியர் குறைத்து வைப்பது இப்போது எனக்கு வழக்கம்.

பழைய மாடல் பக்கிகளில் இன்னொன்று இருக்கிறது, அது உண்மையிலேயே ஆபத்தானது. பின்னச்சிலிருந்து ஒரு கம்பி போய் சேஸிஸில் உள்ள பிரேக் வால்வைத் தொடும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், காலியாக உயர்ந்தால் குறைந்த அழுத்தம். பின்பக்கத்தை லிஃப்ட் செய்தால் வால்வு "வண்டி காலி" என்று நினைத்துக்கொள்ளும். முழுப் பாரத்தோடு போகும்போதும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். என் மச்சானின் பழைய ஹைலக்ஸில் மூன்று வருஷம் யாரும் இதைப் பார்க்கவே இல்லை. போன ஞாயிறு நாங்கள் இருவரும் கீழே படுத்துச் சரிசெய்தோம். அவர் திங்கட்கிழமை காலை போனில் கூப்பிட்டு "இது வேற வண்டிடா" என்றார்.

5 மே 2024

"லிஃப்ட் செய்தால் கவிழுமா" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுங்கள். எண் குறையக் குறையக் கவிழ்வது எளிது. அகலம் 1.54 மீட்டர், எடை மையம் 0.72 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.07. லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 65 மி.மீ. உயர்த்தினால் 0.98. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த வகை வண்டிக்கு ஆரம்பத்திலேயே கையிருப்பு குறைவு. 2016-இல் சுவீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ் நடத்திய திடீர் விலகல் சோதனையில், எந்த மாற்றமும் செய்யாத ஹைலக்ஸே இரண்டு சக்கரத்தில் நின்றது. மான் குறுக்கே வந்தால் ஒடித்து விலகி, மறுபடி பாதைக்குத் திரும்பும் சோதனை அது. நம் ஊரில் மானுக்குப் பதில் மாடு.

கூரையில் ஏணி, பைப் எதையும் நான் இப்போது கட்டுவதில்லை. பாட்டரிகளைத் தொட்டியின் தரையில், கேபினை ஒட்டி வைக்கிறேன். வளைவில் சாய்வது அதிகமாகியிருப்பது உண்மை. வேகத்தைக் குறைக்கிறேன், வேறு வைத்தியம் இல்லை.

9 ஜூன் 2024

லெசோதோ எல்லைக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் போய் வந்தோம். எல்லாக் குறையும் சொல்லிவிட்டேன், நல்லதையும் சொல்ல வேண்டும்.

அண்டர்பெர்க், ஹிம்வில் தாண்டி தென்னாப்பிரிக்கச் சாவடியில் பாஸ்போர்ட் முத்திரை. அதற்கு மேல் சுமார் 8 கிலோமீட்டர் கல் பாதை, 2,876 மீட்டரில் உச்சி, அங்கே லெசோதோ சாவடி. ஃபோர் பை ஃபோர் இல்லாமல் மேலே விட மாட்டார்கள். டயர் காற்றழுத்தத்தை 1.8 பாருக்கு இறக்கினேன். பெரிய டயரின் உயரமான பக்கச்சுவர் கல்லை விழுங்கிக்கொண்டு போகிறது. போன முறை பல் ஆடிய இடத்தில் இந்த முறை மகன் தூங்கினான். டிஃப் ஒருமுறையும் தட்டவில்லை. பனி உருகி ஓடிய பள்ளங்களில் பம்பர் இடிக்கவில்லை. நான் செலவு செய்ததற்கு அன்றைக்கு ஒரு நாள் முழுப் பலன் கிடைத்தது.

ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் இடது முன் டயர் மட்கார்டின் பின்புற உள்வளையத்தில் உரசியது. அதனால் முழுசாக ஒடிக்காமல், இரண்டு வளைவில் பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. பக்கத்தில் பள்ளத்தாக்கு. மனைவி அந்த நேரம் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கும்போது லோ ரேஞ்ச் முதல் கியரிலும் முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக உருள்கிறது, அதே 7 சதவீதம்தான்.

எங்களுக்கு முன்னால் சுற்றுலாக்காரர்களின் வண்டி ஒன்று லிஃப்ட் எதுவும் இல்லாமல், சாதாரண டயரோடு, நிதானமாக ஏறிப் போனது. அதை வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

10 ஜூன் 2024

கடற்கரை மணலுக்கு 33 நல்லதா என்று கேட்டவருக்கு: மணலில் டயரை 1 பாருக்கு இறக்குவதே பெரிய வித்தை, அகலம் பிறகுதான். ஆனால் 2002 முதல் இங்கே பொழுதுபோக்குக்குக் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை. கடற்கரைக்கென்று டயர் வாங்காதீர்கள்.

4 ஆகஸ்ட் 2024

ஆடிக் கூழுக்குக் கோவிலில் அண்டா எல்லாம் நம் பக்கியில்தான் போனது. நிறைந்த அண்டாவோடு மெதுவாகப் போனபோது முன் இடது பக்கத்திலிருந்து, திரும்பும்போது மட்டும், டிக் டிக் டிக்.

சிவி ஜாயின்ட், முன் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்து மண் உள்ளே போயிருக்கிறது. முன்பக்கத்தை 50 உயர்த்தியதால் ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்தே சுற்றுகிறது, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. மெக்கானிக் மாமா சொன்னது: 50-தான் எல்லை, 40-இல் நிறுத்தியிருந்தால் இன்னும் பல வருஷம் வந்திருக்கும், 50-க்கு மேல் போனால் முன் டிஃப்பையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய பூட், எப்படியும் ஒரு நாள் போகும்தான். ஆனால் வலது பக்கமும் அதே மாதிரி வெடிப்பு விட்டிருந்தது, அதனால் லிஃப்டை நான் குற்றம் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழே படுத்து பூட்டைக் கையால் தடவிப் பாருங்கள். கிரீஸ் ஒட்டினால் உடனே மாற்றுங்கள். பூட் மட்டும் போனால் சின்னச் செலவு, நான் கவனிக்காததால் ஜாயின்ட்டும் போனது.

22 செப்டம்பர் 2024

என்3-ஐ வான் ரீனன் கணவாய் பக்கம் நேற்றுப் பனியில் மூடிவிட்டார்கள், நிறைய வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக்கொண்டன. ஒருவர் "உங்கள் வண்டி போயிருக்குமே" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். உயரம் இருந்தால் பனி மேட்டைக் கடக்கலாம். கெட்டியாகிப்போன பனிக்கட்டியில் நிறுத்துவதும் திருப்புவதும் ரப்பரின் வேலை, அங்கே உயர்ந்த வண்டிக்கு இன்னும் கஷ்டம். போதாததற்கு குறுக்கே லாரிகள் நின்றால் யார்தான் போக முடியும்.

13 அக்டோபர் 2024

முடிவு எடுத்துவிட்டேன். நோட்டைப் புரட்டி எண்ணினேன்: நவம்பரிலிருந்து உண்மையான தூரம் 31,000 கிலோமீட்டர். அதில் மண், கல் பாதை 2,600. அந்த 2,600-இலும் பெரிய டயர் இல்லாமல் மாட்டியிருப்பேன் என்று சொல்லக்கூடிய இடம் நான்கோ ஐந்தோதான்.

டயரை 265/70 ஆர் 17-க்கு மாற்றுகிறேன். குறுக்களவு 803 மி.மீ.; கம்பெனி அளவைவிட 3.4 சதவீதம் மட்டும் அதிகம். டிஃப் 13 மி.மீ. உயரும், அது என் பண்ணைப் பாதை நடுமேட்டுக்குப் போதும். முன் ஸ்பிரிங்கை 40-க்கு இறக்குகிறேன். மேல்கை அப்படியே இருக்கும். பின்னால் 300 கிலோ லீஃபைக் கழற்றி அதற்கும் இலேசானது.

ஃபீனிக்ஸ் தம்பிக்கு: நீங்கள் தினமும் உம்லங்கா வேலைக்கும் மாதம் ஒருமுறை மலைக்கும் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் டயரை மட்டும் 265/70 ஆல்-டெரெய்ன் ஆக்குங்கள், லிஃப்ட் இல்லாமல். பெரும்பாலும் உரசாமல் உட்காரும், ஆனாலும் முழுசாக ஒடித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூன்று மாதம் ஓட்டுங்கள். எங்கே இடிக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு பிறகு லிஃப்ட் பற்றிப் பேசலாம். செய்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். முன் விளக்கையும் இறக்கி வையுங்கள். நான் இரண்டு வாரம் இறக்காமல் ஓட்டினேன், எதிரே வந்த எல்லோரும் விளக்கடித்துத் திட்டினார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

3 நவம்பர் 2024

மாற்றி மூன்று வாரம். அதே 20 கிலோமீட்டர் பலகைகளுக்கு ஓடோமீட்டர் 19.3. டீசல், திருத்திய கணக்கில், 9.9. டவுன் ஹில்லில் ஐந்தாவது கியர் திரும்பி வந்தது. ஜிபிஎஸ் 98 என்னும்போது ஸ்பீடோமீட்டர் 100.

பிரேக் சோதனையைத் திரும்பச் செய்ய நினைத்தேன். பண்ணைக்காரர் ஓடுபாதையின் ஒரு பாதியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டார், அறுவடை முடிந்ததும் ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார். எண் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பக்கவாட்டில் படியும் போட்டாயிற்று. தீபாவளியன்று ஆயா மகனின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறினாள். இந்தத் தடவை தேர் என்று சொல்லவில்லை, "ஜன்னலைத் திற, காத்து வரட்டும்" என்றாள்.